கெடாத தக்காளி என்றாலே மரபணு மாற்றமா?

"பத்து நாள் வெளியே வைத்தாலும் கெடாத தக்காளி எல்லாம் மரபணு மாற்றப்பட்டது, அதனால்தான் நோயும் அண்டாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

இந்தியாவில் மரபணு மாற்றிய தக்காளியைப் பயிரிட அனுமதி கிடையாது. அமெரிக்காவில் 1994இல் ஃபிளேவர் சேவர் என்று அப்படியொரு தக்காளி வந்தது, சில ஆண்டுகளிலேயே காணாமல் போனது. நீண்ட நாள் தாங்கும் கலப்பினங்கள் பலவற்றில் இருப்பது 'ரின்' என்ற பிறழ்வு, அதாவது மரபணுவில் நேர்ந்த ஒரு மாற்றம். அது செடியில் தானாகத் தோன்றியது. தாய், தந்தை இரு வழியிலும் ரின் வந்தால் காய் மஞ்சளோடு நின்றுவிடும், சிவக்காது. ஒரு வழியில் மட்டும் வந்தால் மெதுவாகப் பழுக்கும், சதை இளகவும் நாளாகும். ருசி, நிறம் கொஞ்சம் அடிபடும். (இந்தத் தக்காளி "சப்பென்று இருக்கிறது" என்றும் அவர் புகார் சொல்லியிருக்கிறார். அதில் மட்டும் நியாயம் உண்டு.)

சரி, நோய்? தாமதமாகப் பழுப்பது வேறு, நோயைத் தாங்குவது வேறு. பழத்தை அழுகவைக்கும் சாம்பல் பூஞ்சணத்தை ஏற்றிச் சோதித்தபோது, 'நார்' என்ற இன்னொரு பிறழ்வு உள்ள காய்கள் தாங்கின. ரின் காய்களோ சிவக்காமலேயே அழுகின. நோயைத் தாங்கும் ரகம் என்றாலும் மரபணு மாற்றியதாக இருக்கவேண்டியதில்லை. இலைச்சுருள் வைரஸைத் தாங்கும் டிஒய்-1 மரபணு, தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து கலப்பு முறையிலேயே கொண்டுவரப்பட்டது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் என்ற தக்காளி ரகம் மூன்று நோய்களைத் தாங்கும். அதுவும் சாதாரணக் கலப்பினம்தான்.