‘உங்க பாதுகாப்புதான் முக்கியம்’னு இனிமே எவனாவது வாயத் திறந்தா...

இன்னிக்குக் காலைல உல்லாசக் கப்பல் கம்பெனிலருந்து மெயில் வந்திருக்கு. "உங்க கனவுப் பயணம் எப்படி இருந்துச்சு? பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" அதுக்குக் கீழயே நீலக் கட்டத்துல, அடுத்த வருஷத்துக்கு இப்பவே புக் பண்ணா சிறப்புத் தள்ளுபடியாம். எந்த மாசத்துக்கு? செப்டம்பருக்கு. வெக்கம், மானம் ஏதாவது இருக்கா இவனுங்களுக்கு?

செப்டம்பர்ல கரீபியன் பக்கம் க்ரூஸ் போனவங்க இதைப் படிச்சா, மிச்சத்தை நீங்களே எழுதிடுவீங்க. இருந்தாலும் எழுதுறேன். எழுதலேன்னா எனக்கு பிபி இறங்காது.

அட்லாண்டிக்ல புயல் சீசன் ஜூன் 1ல ஆரம்பிச்சு நவம்பர் 30 வரைக்கும். அதோட உச்சம் செப்டம்பர் 10ஐ ஒட்டி. இதெல்லாம் ராணுவ ரகசியம் இல்ல, மயாமில இருக்கிற தேசியப் புயல் மையம் கோடு போட்டுப் படமே வரைஞ்சு வச்சிருக்கு. அந்தக் கோடு எந்த வாரத்துல உச்சில போய் நிக்குதோ, கரெக்டா அந்த வாரத்துக்குத்தான் கப்பல்காரன் 'இலையுதிர்கால அதிரடி'ன்னு பேர் வைப்பான். எங்க சகலை அந்த விளம்பரத்தைத்தான் வாட்ஸப்ல அனுப்பினார். "சகலை, பால்கனி ரூமே பாதி விலை! ஸ்கூல் திறந்தாச்சு, கூட்டமும் இருக்காது. மாமாவும் அத்தையும் ஊருக்குத் திரும்புறதுக்குள்ள ஒரு தடவை கப்பல்ல கூட்டிட்டுப் போயிடுங்க." அனுப்பினவர் வரல. அவருக்கு அந்த வாரம் ஆபீஸ்ல ரிலீஸாம்.

டெக்சாஸ் கால்வெஸ்டன்ல ஏறி, ஜமைக்கா, கேமன் தீவு, மெக்சிகோவுல கொசுமெல், மறுபடி கால்வெஸ்டன். ஒரு வாரம். இந்திய பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டு எந்தத் தீவுல இறங்கலாம், எதுல இறங்கக் கூடாதுன்னு நான் பாத்த பாட்டை ஐஏஎஸ் பரீட்சைக்குப் பாத்திருந்தா இந்நேரம் கலெக்டர்.

கிளம்புறதுக்கு முந்தின வாரமே கிழக்குப் பக்கம் ஒண்ணு சுத்த ஆரம்பிச்சிருச்சு. பேர் சொல்ல மாட்டேன், அதுக்கு நான் தனியா வேற பேர் வச்சிருக்கேன். உடனே கம்பெனிலருந்து மெயில். "எங்கள் வானிலைக் குழு நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறது." மறுநாள் மறுபடி உன்னிப்பு. அதுக்கு மறுநாள் மிக உன்னிப்பு. கவனிச்சு என்ன முடிவுக்கு வந்தாங்கன்னு மட்டும் எந்த மெயில்லயும் இல்ல.

சரி, கேன்சல் பண்ணிடலாம்னா, பண்ணுங்க தாராளமா, கட்டின காசு போயிடும்ங்கிறான். கப்பலை அவன் ரத்து பண்ணா காசு திரும்ப வரும், நாம ரத்து பண்ணா வராது. அதனால அவன் ரத்து பண்ண மாட்டான். இன்சூரன்ஸுக்குப் போன் போட்டா அங்க அதைவிட அழகு. "புயலுக்குப் பேர் வச்சுட்டாங்களே சார்!" பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே பாலிசி எடுத்திருக்கணுமாம். பேர் வைக்கிற வரைக்கும் அது மேகம், வச்ச நிமிஷத்துலருந்து அது 'முன்கூட்டியே தெரிந்த நிகழ்வு', பாலிசில சேராது. முன்கூட்டியே தெரிஞ்ச நிகழ்வுக்குள்ள ஆயிரக்கணக்கான பேரைக் கப்பல்ல ஏத்திக் கூட்டிட்டுப் போறவனுக்கு மட்டும் எந்தக் கேள்வியும் கிடையாது.

மாமா மன்னார்குடிக்காரர். 2018 நவம்பர்ல கஜாவுல தென்னந்தோப்பைப் பறிகொடுத்தவர். கால்வெஸ்டன்ல கப்பலை அண்ணாந்து பாத்துட்டு என்கிட்ட ரகசியமாச் சொன்னார்: "மாப்ளே, நாகப்பட்டினத்துல கூண்டு ஏத்திட்டா வல்லத்தக்கூட கரைக்கு இழுத்துப் போட்ருவான். இவன் என்ன, இருக்கிற சனத்தையெல்லாம் ஏத்திக்கிட்டு அது இருக்கிற திசைக்கே போறான்?"

தெரியும், தெரியும். பெரிய கப்பலுக்குத் துறைமுகத்தைவிட நடுக்கடல்தான் பத்திரம், கப்பல் புயலைவிட வேகமாப் போகும், ஓடித் தப்பிச்சிடும். யாரும் கமெண்ட்ல வந்து பாடம் எடுக்க வேணாம். கப்பல் தப்பிச்சிடும்ங்கிறது எனக்கும் தெரியும். எந்த ஊருக்குன்னு காசு வாங்கினான்ங்கிறதுதான் என் கேள்வி.

இப்ப அந்த அறிவிப்புக்கு வர்றேன். இதை விடவே மாட்டேன்.

மூணாம் நாள் காலை, பஃபே. அத்தை தட்டுல ரெண்டு ரொட்டித் துண்டு, ஒரு வாழைப்பழம். டிங்-டாங்.

"குட் மார்னிங், குட் மார்னிங், குட் மார்னிங்!" ஒரு தடவை சொன்னா அது வணக்கம். கேப்டன் மூணு தடவை சொன்னா ஏதோ கழுத்தறுப்பு வருதுன்னு அர்த்தம். கல்யாண மண்டபத்துல மொய் வாசிக்கிறவர் குரல் மாதிரி அப்படி ஒரு குஷி.

முதல்ல வானிலை. வெயில் பளிச்சுன்னு அடிக்குதாம். தெரியுது சாமி, எங்க பக்கமும் ஜன்னல் இருக்கு. கடல் தண்ணி 30 டிகிரியாம், "அற்புதமான வெதுவெதுப்பு"ங்கிறார். 26.5 டிகிரியைத் தாண்டினாலே புயல் தின்னு கொழுக்கும்னு ஸ்கூல் பசங்களுக்கே தெரியும். இவர் 30ன்னு பரிசு விழுந்த நம்பரை வாசிக்கிறார்.

அடுத்து ஆழம். கப்பலுக்குக் கீழ எவ்வளவு ஆழம்னு சொல்றதுல இந்தக் கேப்டன்களுக்கு அப்படி என்ன ஆசையோ தெரியல. நாம நெருங்கிட்டிருக்கிறது கேமன் பள்ளமாம், கரீபியன்லயே ஆழமான இடமாம், 7,000 மீட்டருக்கு மேலயாம். நான் அதை அத்தைக்கு மொழிபெயர்த்திருக்கக் கூடாதோ என்னவோ, ரொட்டி தட்டுக்குத் திரும்பிடுச்சு.

அடுத்து பதினொரு மணிக்கு பிங்கோ, நம்ம ஊரு தம்போலா மாதிரி நம்பர் ஆட்டம். அடுத்து அஞ்சாம் தளத்துல தங்கச் சங்கிலி அங்குலக் கணக்குல விற்பனை. ஆமா, அங்குலக் கணக்குல. கிராம் கணக்கைத் தவிர வேற எதையும் நம்பாத எங்க அத்தை காதுல இது விழாம நான் இருமிச் சமாளிச்சேன்.

இவ்வளவும் முடிஞ்சு, மூச்சு விட்டு, "அப்புறம் நம்ம பயணத் திட்டத்துல சின்னதா ஒரு மாற்றம்"ங்கிறார்.

சின்னதா.

ஜமைக்கா இல்ல. கேமன் இல்ல. கொசுமெல் இல்ல. டிக்கெட்ல போட்டிருந்தது மூணே ஊர், அந்த மூணும் இல்ல. இதுக்குப் பேர் சின்ன மாற்றம்னா, இட்லி கேட்டவனுக்குத் தட்டை மட்டும் குடுத்துட்டு அதையும் சின்ன மாற்றம்னு சொல்லிடலாம். கப்பலை மெக்சிகோ வளைகுடாப் பக்கம் திருப்புறாங்களாம், நடுவுல மெக்சிகோவுல புரோக்ரேசோன்னு ஒரு ஊர்ல சில மணி நேரம் நிறுத்துறாங்களாம், மத்தபடி "நீங்கள் கப்பலின் வசதிகளை அனுபவிக்கக் கூடுதல் கடல் நாட்கள்!" இதுக்குக் கைதட்டல் வேற! பின்னாடி டேபிள்ல ஒரு கும்பல் எழுந்து நின்னு தட்டுது. ட்ரிங்க்ஸ் பேக்கேஜ் வாங்கினவங்க. அவங்களுக்கு எந்த ஊரா இருந்தா என்ன.

அதுக்கப்புறம்தான் அந்த வாக்கியம். "உங்கள் பாதுகாப்புதான் எங்கள் முதல் முன்னுரிமை." அப்ப கால்வெஸ்டன்ல கயித்தை அவுக்கும்போது என் பாதுகாப்பு எத்தனாவது இடத்துல இருந்துச்சு? புயல் எந்தப் பக்கம் போகலாம்னு காட்டுற கூம்புப் படத்தை நானே போன்ல பாத்துட்டுத்தான் ஏறினேன், உன்னிப்பா ஒரு குழுவே வச்சிருந்தவன் பாக்கலையா? சொல்லி முடிச்சு, நன்றி சொல்லி, மைக்கை வைக்கிறதுக்கு முன்னாடி மறுபடி ஒரு தடவை பிங்கோவை ஞாபகப்படுத்தினார்.

"என்னப்பா சொல்றான்?"னு அத்தை கேட்டாங்க.

"எங்கயும் போகலியாம் அத்தை."

"அதுக்கா இம்புட்டு நேரம் பேசினான்?"

வாடிக்கையாளர் சேவைக் கவுண்ட்டர்ல வரிசை மூணாம் தளத்துலருந்து மாடிப்படி ஏறி அடுத்த தளத்துக்குப் போயிருச்சு. நின்னு நின்னு கடைசியாப் போனா, அந்தப் பொண்ணு சிரிச்ச முகம் மாறாம ஒப்பந்தத்தைக் காட்டுது. கேப்டன் எந்த ஊரையும் எப்ப வேணும்னாலும் விட்டுடலாம், மாத்தலாம், அதுக்கு நஷ்டஈடு கேக்க முடியாதுன்னு பொடி எழுத்துல இருக்கு. போகாத துறைமுகத்துக்கு நாம கட்டின வரியை மட்டும் திருப்பித் தருவாங்களாம். எங்க? கையில இல்ல, கப்பல் கணக்குல வரவு. அதை எங்க செலவு பண்ணலாம்? கப்பல்ல. எதுக்கு? பிங்கோவுக்கு. அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவமே இல்ல, பாவம், எட்டு மாசக் கான்ட்ராக்ட்ல வந்து எங்க எல்லார் திட்டையும் வாங்கிக்கிட்டு நிக்குது. சட்டத்தை எழுதினவன் ஏசி ரூம்ல கரைல இருக்கான்.

புரோக்ரேசோல என்ன பாத்தோம்னா, பாலம் பாத்தோம். அங்க கடல் ஆழமில்லாததால ஆறு கிலோமீட்டருக்கு மேல கடலுக்குள்ள நீட்டிக் கட்டியிருக்காங்க. அதுல பஸ்ல போனோம். மழை. அதே பஸ்ல திரும்பினோம். அவ்வளவுதான் எங்க வெளிநாட்டுப் பயணம்.

அந்தப் பக்கம் புயல் என்ன பண்ணுச்சு தெரியுமா? ஜமைக்கா போச்சு. கேமன் பக்கம் போச்சு. கொசுமெல் பக்கம் கரையேறி இறங்குச்சு. வரிசை மாறாம எங்க டிக்கெட்டையே வச்சுக்கிட்டு அது டூர் போச்சு! அந்தத் தீவு சனங்களுக்கு அது விளையாட்டில்ல, கூரை போனவங்களுக்கு முன்னாடி என் ஜமைக்காக் கவலை பெருசு இல்லன்னு தெரியும். ஆனா இந்த வழி என்ன புதுசா? 2024ல பெரில் புயல் இதே பாதைலதான் ஜமைக்கா, கேமன் தெற்கு, மெக்சிகோவோட யுகடான்னு போயி, ஜூலை 8ல டெக்சாஸ்ல கரையேறுச்சு. டெக்சாஸ்! அப்ப எங்களுக்கு அடுத்த அத்தியாயம் என்னன்னு புரிஞ்சிருக்கும்.

ஆமா. கடைசி நாள், டிங்-டாங், குட் மார்னிங் மூணு தடவை, கால்வெஸ்டன் மூடியாச்சு.

இங்க கடலோரக் காவல்படை துறைமுகத்துக்கு நாலு படி வச்சிருக்கு. பலத்த காத்து வர 72 மணி நேரம் இருக்கும்போது விஸ்கி, 48க்கு எக்ஸ்ரே, 24க்கு யாங்கி, 12க்கு ஜூலு. ஜூலு போட்டா இழுத்துச் சாத்திடுவாங்க. மாமாவுக்கு விளக்கினேன். "கூண்டுக்கு நம்பர் போட்டாலே புரிஞ்சிடும், இவன் எதுக்கு சாராயத்துல ஆரம்பிக்கிறான்?"னார். புயல் போனதும் உடனே திறக்கவும் மாட்டாங்க. உள்ள வர்ற வழியில மண் மேடு தட்டியிருக்கா, மிதவை இடம் மாறியிருக்கான்னு அளந்து பாத்துட்டுத்தான். 2017ல ஹார்வி வந்தப்ப இதே கால்வெஸ்டனுக்குத் திரும்ப வேண்டிய கப்பல்கள் ஆயிரக்கணக்கான ஆட்களோட நாள் கணக்கா வெளிய நின்னதெல்லாம் நியூஸ்ல வந்ததுதான்.

கேபின் டிவில கப்பல் போற வழியை மேப்ல காட்டுவாங்க. வளைகுடாவுக்கு நடுவுல ஒரு வட்டம். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா அதுக்கு மேலயே இன்னொரு வட்டம். ஆபீஸுக்கு லீவு நீட்டிக்க மெயில் போடணும்னா வைஃபைக்குத் தனிக் காசு. கூடுதலா மிதந்த நாளுக்கு ஊழியர் டிப்ஸ் கணக்குல தானா ஏறிடுச்சு. கரையேறி வந்தா, பார்க்கிங்காரன் கூடுதல் நாளுக்கு வாடகை கேக்கிறான். "புயல்ங்க"ன்னேன். "எனக்கும் தானுங்க புயல்"ங்கிற மாதிரி ஒரு பார்வை. சகலைகிட்டருந்து மெசேஜ்: "என்ஜாய் பண்ணீங்களா? போட்டோ எங்க?"

அதெல்லாம்கூடப் போகட்டும். மாடி மாடியா அத்தனை பெரிய கப்பல், இருபத்திநாலு மணி நேரமும் ஐஸ்கிரீம் மெஷின் ஓடுது, பன்றிக்கறிய பதினாறு விதமா வதக்கி வைக்கிறான், ஒரு கரண்டி புளிச்ச தயிர் இல்லைங்க! வெள்ளையா ஒண்ணு இருக்கேன்னு மாமா ஆசையாச் சோத்துல ஊத்திப் பிசைஞ்சார். வனிலா. மறுநாள் இன்னொரு கிண்ணம், அது தேன் கலந்தது. அதுக்கு மறுநாள் சிப்பந்தியே தேடிப் போயி, "சார், இதுதான் ஒரிஜினல்"னு பெருமையாக் கொண்டுவந்து வச்சார். ஸ்ட்ராபெரி. லேபிள்ல 'கிரேக்கத் தயிர்'னு பேர் வேற. கிரேக்கன் இதைத் தின்னிருந்தா புயலுக்கெல்லாம் காத்திருக்க மாட்டான், அவனே கப்பலைக் கவுத்திருப்பான்.