குர்பேயின் அலை தண்ணீர் மாதிரி இல்லையாம்

நேற்று பிரெஞ்சு ஓவியர் குர்பேயின் ‘கொந்தளிக்கும் கடல்’ ஓவியப் படத்தை நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். “என்னய்யா, அலை சுவர் மாதிரி நிக்குது, தண்ணியாவே தெரியலையே” என்று பதில் வந்தது. குறையாகத்தான் சொன்னார். எனக்கோ அதைவிட நல்ல பாராட்டு இருக்க முடியாது என்று தோன்றியது.

குர்பே கடலோரத்துக்காரர் இல்லை. பிரான்சின் கிழக்கே சுண்ணாம்புப் பாறை மலைகளுக்கு நடுவே இருக்கும் ஓர்னான் என்ற ஊரில் 1819-இல் பிறந்தவர், கடலை முதன்முதலாகப் பார்த்தபோதே வயது இருபதைத் தாண்டிவிட்டது. பாறையைப் பார்த்தே வளர்ந்த கண் அது. அப்படிப்பட்டவர் 1869-இல் நார்மண்டிக் கரையில் எத்ரெத்தாவில் போய்த் தங்கி அலையை வரைந்தால் அது பாறை மாதிரிதானே எழும்பும்?

வரைந்த விதமும் அப்படித்தான். அந்த நாட்களில் இளைஞராக இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான், குர்பே வேலை செய்வதை நேரில் பார்த்துப் பின்னாளில் எழுதியிருக்கிறார்: வெறும் அறை, அழுக்கும் பருமனுமாக ஒரு மனிதர், சமையல் கத்தியால் வெள்ளைச் சாயத்தை அப்பி அப்பி வைக்கிறார், நடுநடுவே போய் ஜன்னல் கண்ணாடியில் முகத்தைப் பதித்துப் புயலைப் பார்க்கிறார், அலைத் துளி கண்ணாடியில் வந்து அடிக்கிறது, பக்கத்தில் ஒரு பாட்டில் ஆப்பிள் மது. கொத்தனார் கரணையால் கலவையை அடிப்பாரே, அந்த வேலைதான் இது. கடலின் கனம் அப்படித்தான் படத்துக்குள் வந்திருக்கிறது, தூரிகையால் நீவியிருந்தால் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் வந்த புயல் ஓவியங்களில் பெரும்பாலும் ஒரு கப்பல் உடையும், யாராவது கையைத் தூக்கிக் கதறுவார்கள், நாமும் உச்சுக் கொட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். இதில் ஆளே கிடையாது. கரையில் இழுத்துப் போட்ட படகுகள், மேலே கறுத்த மேகம், நடுவில் அந்த அலை, அவ்வளவுதான். பரிதாபப்பட யாருமில்லாததால் கடலையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. கதை இல்லாத படம் போரடிக்கும் என்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை, ஆனால் எனக்கு இதுதான் பிடிக்கிறது.

பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சியான சலோனில் 1870-இல் இது தொங்கியது, இப்போது பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே கண்காட்சிக்கு அவர் அனுப்பிய ‘புயலுக்குப் பின் எத்ரெத்தா பாறை’யும் அங்கேதான். அதில் வானம் கழுவி விட்டது போல இருக்கும், அழகுதான், ஆனால் எனக்கு அலைதான்.

நண்பரே, நீங்கள் பார்த்தது போன் திரையில். கத்தி இழுத்த தடமெல்லாம் அதில் மழுங்கிப் போயிருக்கும். அப்படியிருந்தும் சுவர் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள், நல்ல கண்தான் உங்களுக்கு.