மைக் பிடிக்கிறவர்

டெக்சாஸுக்குக் குடிவந்து ரோடியோ (துள்ளும் காளை, குதிரைமேல் தாக்குப்பிடிக்கும் போட்டி) பார்க்காமல் இருந்தால் எப்படி என்று நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு சின்ன ஊருக்கு இழுத்துப்போனார். காளையைப் பார்க்கத்தான் போனேன். மனதில் நின்றவரோ, குதிரைமேல் உட்கார்ந்து மைக்கில் பேசிக்கொண்டிருந்த பெரியவர்.

"அதெல்லாம் ஒரு வேலையா? வாய் இருந்தாப் போதும்" என்றார் நண்பர், திரும்பும் வழியில். அங்கேதான் எனக்கு ஒத்துப்போகவில்லை.

ஒரு காலத்தில் வாய் போதுமாகத்தான் இருந்தது. 1898-ல் இதே டெக்சாஸின் சான் ஆஞ்சலோவில் போட்டிக்கு வந்த ஃபாக்ஹார்ன் கிளான்சியைக் குதிரை தூக்கி எறிந்துவிட்டது. சவாரி வராவிட்டால் என்ன, தொண்டை பெரிது; அறிவிப்பாளர் வேலை கிடைத்தது. அது மெகாபோன் காலம். இன்று சத்தத்தை ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும். விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே!

காளைமேல் தாக்குப்பிடிக்க வேண்டியது 8 நொடி. அடுத்த காளை தயாராகும் வரை கூட்டத்தைக் கட்டிப்போடுவது அறிவிப்பாளர் பாடு. வீரர் எந்த ஊர், போன வாரம் எங்கே விழுந்தார், இந்தக் காளை எந்தப் பக்கம் சுழலும், எல்லாம் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். மொத்தம் 100 மதிப்பெண்ணில் பாதி காளைக்கு! ("மாடு வெற்றி" என்று வாடிவாசல் மைக்கில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.) குதிரைச் சவாரியில் இன்னொரு சிக்கல். முதல் துள்ளலில் வீரரின் கால்கள் குதிரையின் தோளுக்கு மேலே இருக்க வேண்டும். தவறினால், 8 நொடி உட்கார்ந்திருந்தாலும் மதிப்பெண் கிடையாது. கைதட்டிக்கொண்டிருக்கும் கூட்டத்திடம் அதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டியவரும் இவரே.

அன்றைக்கு ஒரு பையன் விழுந்தான். எழவில்லை. பாட்டு நின்றது. பெரியவர் தொப்பியைக் கழற்றித் தொடைமேல் வைத்துக்கொண்டார். மைக் கையில் இருந்தும் பேசவில்லை. மருத்துவ உதவியாளர்கள் குனிந்து பார்த்தார்கள். பையனின் பூட்ஸ் அசைந்த பிறகுதான், "காலை அசைக்கிறான்" என்று மெதுவாகச் சொன்னார். அந்த ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தாரே, அதற்குத்தான் சம்பளம் என்பேன்.

சம்பளம் என்றா சொன்னேன்? மாதச் சம்பளமெல்லாம் இல்லை, ஒவ்வொரு ரோடியோவுக்கும் தனி ஒப்பந்தம். டிசம்பரில் லாஸ் வேகாஸில் தேசிய இறுதிப் போட்டி நடக்கும் சமயத்தில் ரோடியோ நடத்தும் குழுவினரைப் பார்த்துப் பேசி அடுத்த ஆண்டுக்கான வேலையைப் பிடிக்க வேண்டும். அப்புறம் ஊர் ஊராக வண்டி ஓட்ட வேண்டும். ஆனாலும் பிடித்தவர்கள் விடுவதில்லை. ஓக்லஹோமாவின் கிளெம் மெக்ஸ்பாடன் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவே இருந்தவர். ஊர்க்காரர்களுக்கு ரோடியோ குரலாகவும் அவரைத் தெரியும். நெப்ராஸ்காவின் ஹேட்லி பாரெட் 2017-ல் காலமானபோது வயது 87. அதுவரை மைக்கைக் கீழே வைக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தால், நம்ம பெரியவர் குதிரையைத் தானே டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தார். நன்றாக இருந்தது என்றேன். குரல் கட்டியிருந்தது போல. தொப்பியை மட்டும் லேசாகத் தொட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.