அடுத்த எபிசோடை அழுத்தவா?

டிவியைப் போட்டாலே 'தொடர்ந்து பார்க்க' வரிசையில் ஷெஃபாலி ஷா என்னை முறைத்துக்கொண்டு நிற்கிறார். நெட்ஃபிளிக்ஸில் வரும் போலீஸ் தொடர் 'டெல்லி கிரைம்', அதன் மூன்றாவது சீசன். முதல் எபிசோடில் பாதி பார்த்துவிட்டு நிறுத்தினேன், வாரக்கணக்காக அப்படியே கிடக்கிறது. வரிசையிலிருந்து தூக்கவும் மனசில்லை, மேலே பார்க்கவும் கை வரவில்லை.

(கீழே கதை கொஞ்சம் வெளியே வரும். பார்க்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.)

2019 மார்ச்சில் முதல் சீசன் வந்தபோதும் இதே இழுபறிதான். அந்த சீசன் எடுத்துக்கொண்டது நிர்பயா வழக்கை. 2012 டிசம்பர் 16 ராத்திரி டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த அந்தக் கூட்டுப் பாலியல் வன்கொடுமை எங்கள் வயதுப் பெண்களுக்கு வெறும் செய்தியாக இருக்கவில்லை. நான் அப்போது திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தேன். அந்த மாதத்துக்குப் பிறகுதான் அம்மா "பஸ் ஏறிட்டியா, பக்கத்துல யாரு உக்காந்திருக்கா" என்று போன் போட ஆரம்பித்தார். இறந்துபோனவள் 23 வயது பிசியோதெரபி மாணவி. என்னைவிட மூன்றே வயது மூத்தவள். அதைப்போய் ஏழு எபிசோடாக, மடியில் முறுக்கு டப்பாவோடு பார்ப்பதா என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து போட்டேன். இயக்குநர் ரிச்சி மேத்தா அந்தக் கொடுமையைக் காட்டவே இல்லை. அடிபட்ட அவளும் கூட வந்த நண்பரும் சாலையோரம் கிடப்பது தெரியவரும் இடத்திலிருந்து கதை போலீசோடு நகர்கிறது. அப்புறம் முழுக்க வேலை, வேலை, வேலை. மஹிபால்பூர் பக்கம் ஒரு ஹோட்டலின் சிசிடிவியை ஓட்டி ஓட்டிப் பார்த்து, 'யாதவ்' என்று எழுதிய வெள்ளை பஸ்ஸைக் கண்டுபிடிக்கிறார்கள். கரண்ட் போகிற ஸ்டேஷன், நாள்கணக்கில் வீட்டுக்குப் போகாத போலீஸ்காரர்கள். ஷெஃபாலி ஷா நடிக்கும் போலீஸ் அதிகாரி வர்த்திகா, அன்றைக்குத் தெற்கு டெல்லி போலீஸ் துணை ஆணையராக (டிசிபி) இருந்த சாயா சர்மாவை வைத்து எழுதப்பட்ட பாத்திரம். ஷெஃபாலிக்குக் கத்திப் பேசும் வசனமே தேவைப்படவில்லை, கண்ணே போதும். 2020ல் சிறந்த நாடகத் தொடருக்கான சர்வதேச எம்மி இதற்குக் கிடைத்தபோது எனக்கே கிடைத்ததுபோல ஸ்டேட்டஸ் வைத்தேன்.

ஒரு மனத்தாங்கல் அப்போதே இருந்தது. தெருவில் இறங்கிய கூட்டத்தை இந்தத் தொடர் பெரும்பாலும் போலீசுக்கு வந்த இடைஞ்சலாகவே பார்க்கிறது. நிஜத்தில் அந்தக் கூட்டம் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் வாங்கிக்கொண்டு நின்றதால்தானே, பாலியல் குற்றச் சட்டங்களைத் திருத்த யோசனை சொல்ல நீதிபதி வர்மா கமிட்டி வந்தது? 29 நாளில் அறிக்கை கொடுத்தார்கள். 2013ல் சட்டமே மாறியது. போலீஸ் தரப்பில் நின்று சொன்ன கதை, அதனால் போலீஸ் நல்லவர்களாகத் தெரிகிறார்கள். சரி, விடுங்கள்.

இரண்டாவது சீசன் 2022ல் வந்தது, ஐந்தே எபிசோடு. வயதானவர்களைக் கொன்று கொள்ளையடிக்கும் கும்பல். 'கச்சா பனியன்' கும்பலின் பாணி தெரிந்ததுமே போலீஸ் போய் அள்ளிக்கொண்டு வருவது, ஒருகாலத்தில் குற்றப் பரம்பரை என்று வெள்ளைக்காரன் பட்டியல் போட்ட சாதிகளின் ஆட்களை. 1871ல் போட்ட சட்டம், 1952ல் நாடு முழுக்க ஒழிந்த சட்டம், ஆனால் ஸ்டேஷன்காரர்களின் தலையிலிருந்து இறங்கவில்லை. நான் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. கைரேகை வைக்கச் சொன்னதால் எங்கள் ஊரில் அதற்கு ரேகைச் சட்டம் என்று பேர். "ராத்திரியானா ஆம்பளைக எல்லாம் சாவடியில போய்ப் படுக்கணும்டி" என்று அப்பத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தேன். 1920 ஏப்ரல் 3ல் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டார்கள், 16 பேர் செத்தார்கள். டெல்லி ஸ்டேஷனில் வரிசையாக உட்காரவைக்கப்பட்ட அந்த ஆட்களைப் பார்த்தபோது எனக்கு அப்பத்தா குரல்தான் கேட்டது. இருட்டான தொடர்தான், ஆனால் எனக்கு ஏதோ கொடுத்தது.

இப்போது மூன்றாவது. பெண்களைக் கடத்தி விற்கும் வலைப்பின்னலைத் துரத்துகிற கதை, நடுவில் உடம்பெல்லாம் காயத்தோடு ஆஸ்பத்திரியில் விடப்பட்ட ஒரு குழந்தை. 2012 ஜனவரியில் எய்ம்ஸுக்குக் கொண்டுவரப்பட்ட இரண்டு வயது ஃபலக்கை நினைவிருப்பவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டாம். பல ஆபரேஷன் செய்தார்கள். மார்ச்சில் போய்விட்டாள்.

என் மகளுக்கு இரண்டு வயது. அதனால்தான் பார்க்க முடியவில்லை என்று முடித்துவிடலாம், யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். ஆனால் அது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பிள்ளை பெறுவதற்கு முன்னால் எத்தனை தொடர்களில் எத்தனை குழந்தைகள் செத்தார்கள், நான் டீ ஆற்றிக்கொண்டே பார்க்கவில்லையா? முடிவு தெரியும் என்பதும் காரணமில்லை. முதல் சீசனின் முடிவும்தான் தெரியும்.

யோசித்து யோசித்து ஒரு வித்தியாசம் பிடிபட்டது. டெல்லிப் பெண் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி வாக்குமூலம் கொடுத்தாள். என்ன நடந்தது, யார் செய்தார்கள் என்று அவள் சொன்னாள், வழக்கு அந்தச் சொல்லின் மேலும் நின்றது. தொடரிலும் அந்தக் காட்சி உண்டு. தன் வழக்கில் அவளுக்கு ஒரு பங்கு இருந்தது. இரண்டு வயதுக் குழந்தைக்கு என்ன இருக்கிறது? அது ஒன்றும் சொல்லாது. கட்டுப்போட்ட உடம்பாகக் கிடக்கும், அதைப் பார்த்துப் பார்த்து நமக்கும் வர்த்திகாவுக்கும் கோபம் ஏறும், கதை ஓடும். குழந்தையின் கதையா, குழந்தையை விறகாக வைத்து எரிக்கிற கதையா என்பதுதான் என் சந்தேகம். இதில் சிக்கல், பார்த்தால்தான் அதைச் சொல்ல முடியும். எடுத்தவர்கள்மேல் அநியாயமாகப் பழி போடவும் விருப்பமில்லை, முதல் சீசனில் அத்தனை கண்ணியமாக நடந்துகொண்ட தொடர் இது.

என் வீட்டுக்காரர் ஹெட்போன் போட்டுக்கொண்டு முழுசாகப் பார்த்து முடித்துவிட்டார். பிடித்ததாம். வில்லியாக வரும் ஹுமா குரேஷி பயமுறுத்துகிறாராம். நேற்று பாத்திரம் கழுவும்போது அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அந்தப் புள்ளையோட காயத்த எத்தனை தடவை காட்டுறாங்க?"

தட்டைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "தெரியலையே. கவனிக்கல" என்றார்.

அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. மகளுக்கு ஊசி போட்டால் வெளியே போய் நின்றுகொள்கிற ஆள். ராத்திரி ரிமோட்டை எடுத்து, அந்த வரிசையிலிருந்து அதை நீக்கிவிட்டேன்.