சுளுக்கு எடுப்பதும் லிகமென்ட் ஆறுவதும்

சுளுக்கு எடுப்பது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். கணுக்காலை இழுத்துவிட்டால் அறுந்த லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) சேர்ந்துவிடும் என்று அதில் வருவது சரியல்ல. நார் தானாகத்தான் ஆற வேண்டும். முழுசாக உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும்.

பஸ் படியில் பாதம் உள்பக்கமாக மடங்கியபோது எனக்கு அடிபட்டது வெளிப்பக்க முன் லிகமென்ட். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் முதலில் போகும். மறுநாளே ஒருவரிடம் சுளுக்கு எடுத்தேன். அவர் பாதத்தை உள்பக்கம் திருப்பி வெடுக்கென்று இழுத்தார். காயம் பட்ட அதே திசை! ராத்திரிக்குள் வீக்கம் இரண்டு மடங்கு.

அப்புறம் பிசியோதெரபிஸ்ட் செய்தது வேறு. தன் கையின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவையைக் கணுக்காலின் முன்பக்கம் வைத்து, தாலஸ் எலும்பை (கணுக்கால் மூட்டில் குதிகால் எலும்புக்கு மேலே இருப்பது) மெதுவாகப் பின்னால் தள்ளினார். அந்த லிகமென்ட் தாலஸ் முன்னால் நழுவாமல் பிடித்து வைப்பது. பின்னால் தள்ளும்போது அது இழுபடாது, மூட்டின் இறுக்கம் மட்டும் தளரும். குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட அன்றைக்கே கொஞ்சம் எளிதானது. ஆனால் கணுக்கால் மறுபடி மடங்காமல் இருக்க ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சிதான் உதவியது, அதை விடவே கூடாது.

கணுக்காலில் புடைத்திருக்கும் எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா, நாலடி நடக்க முடியவில்லையா? யாரையும் தொட விடாதீர்கள், முதலில் எக்ஸ்ரே எடுங்கள்.