ரோடு கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை

போன மாசம் ஒரு அண்ணா தன் புது வண்டியை எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வந்தார். 2022 மாடல் ஜெர்மன் எஸ்யூவி. கம்பெனி பெயர் வேண்டாம். "தம்பி, ஸ்டியரிங்ல என்னமோ குறை இருக்குதுங்க. என்னன்னு சொல்லத் தெரியல. அலைன்மெண்ட் ஒருக்கா பாத்துருங்க" என்றார்.

மெஷினில் ஏற்றினேன். டோ, கேம்பர், கேஸ்டர் என்று சக்கரம் நிற்கும் கோணங்கள் எல்லாம் சரி என்று பச்சை காட்டியது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் டை ராட், பால் ஜாயிண்ட் ஆட்டிப் பார்த்தேன், துளி ஆட்டம் இல்லை. காற்று சரி. ஸ்கேனரில் ஒரு எரர்கூட இல்லை. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, "வண்டியில ஒண்ணும் இல்லீங்ண்ணா" என்றேன். அவர் முகம் தெளியவில்லை.

அவரிடம் அதே கம்பெனியின் அதே பெயர் கொண்ட 2011 மாடலும் இருக்கிறது. பதினோரு வருஷம் மாசம் இரண்டு தடவை அதில்தான் வால்பாறை எஸ்டேட்டுக்குப் போய் வந்தார். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். மழை, மஞ்சு, எதிரே பஸ், நடுரோட்டில் வரையாடு எல்லாவற்றையும் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பார்த்தவர். கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னார். "பழசுல போனா ரோடு கைக்குத் தெரியும்ங்க. இதுல கண்ணுக்குத்தான் தெரியுது."

இருபது வருஷமாக ஸ்டியரிங் வேலை பார்க்கிறேன். இதை இவ்வளவு சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிடுகிறேன். புது வண்டி ஸ்டியரிங் லேசாக இருப்பதுதான் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். லேசாக இருப்பது குற்றமே இல்லை. கோவை காந்திபுரம் டிராஃபிக்கில் இரண்டு டன் வண்டியை ஒரு விரலால் திருப்பிப் பார்க் பண்ண முடிவது பெரிய வசதி. தோள்வலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது வரம். என் கவலை, டயரிலிருந்து கைக்கு வரவேண்டிய சேதி பற்றியது.

அது என்ன சேதி என்றால், வளைவில் திரும்பும்போது முன்டயர் தானாக நேராக வரப் பார்க்கும். அந்த இழுப்பை நம் கை எதிர்த்துப் பிடித்திருக்கும். வேகம் கூடக் கூட, வளைவு இறுக இறுக, இழுப்பும் கூடும். ஆனால் ஒரு கட்டத்தில், டயர் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது, அந்த இழுப்பு குறைய ஆரம்பிக்கும். கவனியுங்கள், வண்டி இன்னும் வழுக்கவில்லை. பிடிப்பு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. ஆனால் ஸ்டியரிங் அதற்கு முன்னாலேயே லேசாகிவிடும். மலை ரோட்டில் பழகிய டிரைவர் அந்த நொடியில் யோசிக்காமலே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கைக்குத் தெரிந்திருக்கும்.

பழைய ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்கில் இது எப்படி வந்தது? எஞ்சின் பெல்ட்டில் ஒரு பம்ப் ஓடும். ஸ்டியரிங் ராடுக்குள் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று உண்டு. நாம் திருப்பும்போது அது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்குக்குத் தக்கபடி வால்வு திறக்கும், ஆயில் பிரஷர் ரேக்கை, அதாவது முன்சக்கரங்களைத் திருப்பும் பல் வைத்த தண்டை, தள்ளும். எல்லாம் ஆயிலும் இரும்பும்தான். டயர் திருப்பித் தள்ளினால் அந்தத் தள்ளலும் அதே வழியில் கைக்கு வந்து சேரும். நல்லது கெட்டது எல்லாமே வரும். பள்ளத்தில் விழுந்தால் ஒரு வெட்டு வெட்டும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன், காட்டுப் பாதையில் போகும்போது கட்டைவிரலை வீலுக்கு உள்ளே விடாதே, வெளியே வைத்துப் பிடி என்பார். கல்லில் டயர் மாட்டினால் ஸ்டியரிங் சுழன்று கம்பி விரலை அடித்து ஒடித்துவிடும். இன்றைய வண்டிகளில் அந்த அடி பெரும்பாலும் வருவதில்லை. அது நல்லதற்குத்தான்.

எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கில் எல்லாமே வயர் வழியாகப் போகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வீலுக்கும் டயருக்கும் நடுவே ராட் இன்னும் இருக்கிறது. முறுக்குக் கம்பியும் இருக்கிறது. வால்வுக்குப் பதில் ஒரு சென்சார் அந்த முறுக்கைப் படிக்கிறது, கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது, மோட்டார் தள்ளுகிறது. அந்த மோட்டாரும் அதன் கியரும்தான் இடையில் நிற்கின்றன. டயரிலிருந்து வரும் சின்னச் சின்ன அசைவு, மோட்டாரையும் சேர்த்துச் சுழற்றினால்தான் நம் கைக்கு வர முடியும். வரும் வழியிலேயே பாதி அமுங்கிவிடும். மிச்சத்தையும் நடுக்கம் என்று நினைத்து சாஃப்ட்வேர் துடைத்துவிடும். நடுக்கத்தோடு சேர்ந்து நமக்கு வேண்டிய சேதியும் போய்விடுகிறது.

சின்ன வண்டிகளுக்கு எலக்ட்ரிக் முதலில் வந்தது, சுசூகி செர்வோவில் 1988-லேயே. கனமான எஸ்யூவிகளின் முன்சக்கரத்தைத் திருப்பும் அளவு பலமான மோட்டார் வருவதற்கு இருபது வருஷத்துக்கும் மேலானது. ரேஞ்ச் ரோவர் 2012-ல் மாறியது. பிஎம்டபிள்யூ எக்ஸ்5 1999-ல் வந்த முதல் தலைமுறையிலும், 2006-ல் வந்த இரண்டாவதிலும் ஹைட்ராலிக்தான், 2013-ல் வந்த மூன்றாவதில் எலக்ட்ரிக். போர்ஷே கயென் 2017-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் மாறியது. கம்பெனிகள் ஏன் மாற்றினார்கள் என்பதிலும் நியாயம் இருக்கிறது. ஹைட்ராலிக் பம்ப் நேர் ரோட்டில் போகும்போதும் சும்மா சுற்றி டீசலைத் தின்னும். மோட்டார் வேலை வந்தால்தான் கரண்ட் எடுக்கும். அப்புறம் லேன் அசிஸ்ட், தானாகப் பார்க்கிங் செய்வது எல்லாம் கம்ப்யூட்டர் ஸ்டியரிங்கைத் திருப்பினால்தான் நடக்கும். ஐரோப்பாவில் லேன் விலகினால் திருத்தும் அமைப்பு 2022 ஜூலை முதல் புது மாடல்களுக்கும், 2024 ஜூலை முதல் விற்கும் ஏறக்குறைய எல்லாப் புதுக் கார்களுக்கும் சட்டப்படி கட்டாயம். ஹைட்ராலிக் திரும்பி வரும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

பழசு எல்லாமே தங்கம் என்றும் சொல்ல மாட்டேன். பழைய மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1979-ல் தொடங்கி 2018 வரைக்கும் அதில் ரேக் இல்லை, ஸ்டியரிங் பாக்ஸ்தான், அதாவது உள்ளே குண்டுகள் உருளும் கியர் பெட்டி. கரடு முரடான இடத்தில் அசைக்க முடியாத உறுதி. ஆனால் ஹைவேயில் நடுவில் ஒரு தொய்வு இருக்கும், திருப்பினால் தானாக நேராக வர மனசு வராது, கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். 2018-ல் அதற்கு முன்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் இண்டிபெண்டண்ட் சஸ்பென்ஷனும் ரேக் ஸ்டியரிங்கும் எலக்ட்ரிக் உதவியும் கொடுத்தார்கள். நேர் ரோட்டில் புதுசு எத்தனையோ மேல். ஆக ரொம்பப் பழசும் மௌனம்தான், ரொம்பப் புதுசும் மௌனம்தான். நடுவில் ரேக்கும் ஹைட்ராலிக்கும் சேர்ந்து இருந்த பதினைந்து வருஷம் ஒன்று இருக்கிறது, ஏறக்குறைய 1999 முதல் 2013 வரை. பெரிய சொகுசு எஸ்யூவிகள் கையோடு நன்றாகப் பேசியது அந்தக் காலத்தில்தான் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

சரி, ஸ்போர்ட் பட்டனை அழுத்தினால் அந்தச் சேதி வருமே என்பார்கள். வராது. அது கனத்தைத்தான் கூட்டும், சேதியைக் கூட்டாது. டயர் பிடிப்பை இழக்கப் போகும்போதும் அதே கனம் கையில் இருந்தால் அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று கை நம்பிவிடும். மலை ஏறும்போது கம்ஃபர்ட் மோடிலேயே விடுங்கள் என்றுதான் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்கிறேன். லேசாக இருந்தாலும், வருகிற கொஞ்சம் சேதியாவது கனத்துக்கு அடியில் மறையாது.

ஸ்டியரிங்கை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. ரிம் 18 இஞ்சிலிருந்து 21, 22 இஞ்சுக்குப் போய்விட்டது. டயர் அகலமாகி, பக்கச்சுவர் மெலிந்துவிட்டது. பெரிய ரிம் பார்க்க அழகுதான். ஆனால் உயரமான பக்கச்சுவர் வளைந்து கொடுத்து முன்கூட்டியே சொல்லும். மெலிந்த டயர் கடைசி வரைக்கும் கெட்டியாகப் பிடித்துவிட்டு ஒரேயடியாக விடும். வண்டி கனமும் ஏறிக்கொண்டே போகிறது. இப்போது வரும் எலக்ட்ரிக் ஜி-கிளாஸ் மூன்று டன்னைத் தாண்டுகிறது. அவ்வளவு கனம் எந்தத் திசையில் போகப் பார்க்கிறது என்று டிரைவருக்கு முன்னைவிட அதிகமாகத் தெரிய வேண்டாமா?

எலக்ட்ரிக் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்பதும் இல்லை. போர்ஷே 911 காரை 2011-ல் எலக்ட்ரிக் ஸ்டியரிங்குக்கு மாற்றியபோது உலகம் பூராவும் ரசிகர்கள் சண்டைக்கு வந்தார்கள். கம்பெனி அதை விடாமல் மெருகேற்றியது. இன்றைக்கு அந்தக் கார் ஸ்டியரிங்கைக் குறை சொல்பவர்கள் குறைவு. மனசு வைத்தால் முடியும். எஸ்யூவி வாங்குபவர்கள் கேட்பதில்லை, அதனால் கம்பெனிகள் அதற்கு மெனக்கெடுவதில்லை. ஷோரூமில் ஸ்க்ரீன் எத்தனை இஞ்ச், சன்ரூஃப் எவ்வளவு திறக்கும் என்று கேட்கிறோம். டெஸ்ட் டிரைவ் என்று அவினாசி ரோட்டில் நேராகப் போய் யூ டர்ன் அடித்து வருகிறோம். ஒரு கோடி ரூபாய் வண்டிக்கு அது போதாது. வளைவுள்ள ரோட்டில், முடிந்தால் ஈரமான ரோட்டில், ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். கொடுக்க மறுத்தால் வேறு ஷோரூம் போங்கள்.

பின்சக்கரமும் திரும்புவதை மட்டும் மனசார வரவேற்கிறேன். 2021-ல் வந்த ரேஞ்ச் ரோவர் ஐந்து மீட்டர் நீளத்துக்கும் கொஞ்சம் கூட. ஆனாலும் பின்சக்கரம் ஏழு டிகிரி வரை திரும்புவதால் பதினொரு மீட்டருக்குள் வட்டமடிக்கிறது. கொண்டை ஊசியில் ரிவர்ஸ் போட்டு எடுக்க வேண்டிய பெரிய வண்டிக்கு இது நிஜமான உதவி.

அந்த அண்ணாவின் கதைக்கு வருகிறேன். பழைய வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்டார். பவர் ஸ்டியரிங் ஹோஸ் கசிகிறது, ஆயில் குறைகிறது, பம்ப் முனகுகிறது. விற்காதீர்கள் என்றேன். ஹோஸ் மாற்றி, பழைய ஆயிலை முழுக்க எடுத்துப் புதுசு ஊற்றிக் கொடுத்தேன். ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பி ஃபுல் லாக்கில் அழுத்திப் பிடித்து நிற்காதீர்கள், பம்ப் போய்விடும் என்றும் சொன்னேன்.

அவர் பையனுக்கு இருபத்தோரு வயசு. புது வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டவன். போன ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் டிரைவ் என்று அவனைப் பழைய வண்டியில் உட்கார வைத்து வால்பாறை ரோட்டுக்குக் கூட்டிப் போனேன். நல்ல தூறல். முதல் நாலைந்து வளைவில் "ஏனுங்ண்ணா இவ்ளோ கனமா இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்டில் நிறுத்தி டீ குடித்தோம். அதற்கு மேலே ஒரு வளைவில் தார் மேல் இலைகள் ஊறிப்போய்க் கிடந்தன. மெதுவாகத்தான் போனான். பாதி திரும்பும்போது சட்டென்று என்னைப் பார்த்து, "அண்ணா, இப்ப லேசாச்சுங்ளே?" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ரோட்டைப் பார் என்று கை காட்டினேன். அடுத்த இலைக்குவியல் வந்தபோது நான் சொல்லாமலே காலை எடுத்திருந்தான்.