லாபம் மட்டும்தான் நோக்கமாம்!

சேலம் அஞ்சு ரோடு மண்டபத்துல வியாபாரிகளுக்கு நடந்த பேச்சைப் பத்தித்தான். வீடியோ இந்நேரம் எல்லார் போனுக்கும் வந்திருக்கும். "லாபம் மட்டும்தான் நிர்வாகத்தோட நோக்கம், தொழில் தோணின நாள்ல இருந்தே அதான் விதி"ன்னு பேச வந்தவர் ஒரே போடு. செவ்வாய்பேட்டை, லீ பஜார் முதலாளிங்க அதுக்குக் கைதட்டினாங்க பாருங்க, அதுதான் தாங்கல.

சார், அது விதி இல்ல, வாதம். அதுக்குத் தேதியும் உண்டு: 1970 செப்டம்பர் 13, நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழ்ல அமெரிக்கப் பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மன் எழுதின கட்டுரை.

"1919-லயே அமெரிக்கக் கோர்ட் இதைச் சொல்லிடுச்சே"ம்பாங்க. சொல்லுச்சு. கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டு, பங்குதாரர்களுக்குக் கூடுதலாப் பிரிச்சுக் கொடுத்த லாபத்தை (ஸ்பெஷல் டிவிடெண்ட்) நிறுத்திட்டு, கார் விலையைக் குறைச்சு ஆலையைப் பெருசாக்கக் கிளம்பினார். பத்து சதவீதப் பங்கு வெச்சிருந்த டாட்ஜ் சகோதரர்கள் கேஸ் போட்டாங்க. கம்பெனி முதன்மையா பங்குதாரர் லாபத்துக்குத்தான்னு சொல்லி, சுமார் 1.9 கோடி டாலரைப் பிரிச்சுக் கொடுக்கச் சொன்னது மிச்சிகன் உச்ச நீதிமன்றம். அதே தீர்ப்புல, நீதிபதிகள் வியாபார நிபுணர்கள் இல்லன்னு சொல்லி ஆலை விரிவாக்கத்துக்கு இருந்த தடையை நீக்கிடுச்சு. அந்தப் பாதியை எந்த மேடையிலயும் கேட்டதில்ல.

1954-ல நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர், வாடிக்கையாளரை உருவாக்குறதுதான் தொழிலோட நோக்கம், லாபம் அது சரியா நடக்குதான்னு பாக்குற சோதனைன்னு எழுதினார். 1997-ல பங்குதாரர்தான் முதல்னு சொன்ன அமெரிக்கப் பெருமுதலாளிகள் சங்கமே 2019-ல தொழிலாளி, சப்ளையர், ஊர் மக்கள் எல்லாருக்கும் பொறுப்புன்னு 181 தலைமை அதிகாரிகள் கையெழுத்தோட அறிக்கை விட்டுச்சு. நடந்துக்கிட்டாங்களாங்கிறது வேற கதை. இங்க 2013 கம்பெனிச் சட்டம் 166(2)-ஐ எடுத்துப் பாருங்க: இயக்குநர் பங்குதாரரோட சேர்த்து ஊழியர், சமூகம், சுற்றுச்சூழல் நலனையும் பாக்கணும்.

"நாங்க பார்ட்னர்ஷிப்புங்க, கம்பெனிச் சட்டம் எங்களுக்கு எதுக்கு?" சரி. அப்ப ஃப்ரீட்மனும் உங்களுக்கு எதுக்கு? அவர் திட்டினது அடுத்தவன் காசைச் செலவழிக்கிற சம்பள மேனேஜரை. சொந்தக்காரன் நல்லது செஞ்சா தன் காசைத்தான் செலவழிக்கிறான், அது வேற விஷயம்னு அதே கட்டுரையில இருக்கு. முன்வரிசையில இருந்தவங்க முக்கால்வாசி சொந்தக்காரங்க. யாருக்கு எழுதின மருந்தை யாருக்குக் கொடுக்குறீங்க?

'லாபம் மட்டும்'ங்கிற மருந்து வேலை செய்யுற லட்சணத்தை இங்க சேகோ (ஜவ்வரிசி) ஆலையில பாக்கலாம். மரவள்ளிக் கிழங்கை மாவுச்சத்து எவ்வளவுன்னு பாயிண்ட் போட்டுப் பாத்து, விவசாயிகிட்ட கறாரா வாங்குறாங்க. உள்ள போனதும் சில பேர் மக்காச்சோள மாவைக் கலக்குறாங்க. கலந்தா கிழங்கு கம்மியாப் போதும், கிழங்கு விலை விழும். பத்து மாசப் பயிர் இது. அடி வாங்கினவன் அடுத்த பட்டத்துல வேற பயிருக்குப் போயிடுவான். அப்புறம் கிழங்கு வரத்தே இல்லன்னு இவங்களே புலம்புவாங்க. நேர்மையா அரைக்கிற ஆலைக்காரரும் கலப்பட விலையோட மோதி நொந்து போறார். வெள்ளிக் கொலுசுல டச் (வெள்ளியோட சுத்தம்) குறைக்கிறதும் இதே புத்திதான்.

"நீ என்ன கம்யூனிஸ்டா?"ன்னு கமெண்ட் போட வர்றவங்க, ஃப்ரீட்மன் கட்டுரையோட கடைசி வரியைப் படிச்சுட்டு வாங்க. ஏமாத்தாம, மோசடி பண்ணாம சம்பாதின்னுதான் அதை முடிச்சிருக்கார்.